விலைவாசிப் புள்ளி யாருடைய செலவைச் சொல்கிறது?

மாதந்தோறும் 12-ஆம் தேதியை ஒட்டி மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் சில்லரை விலைவாசிப் புள்ளியை வெளியிடுகிறது. மறுநாள் பத்திரிகைகளில் பணவீக்கம் இத்தனை சதவீதம் என்ற செய்தி வருகிறது. 2025 அக்டோபர் மாதத்துக்கு அப்படி வெளியான எண் 0.25 சதவீதம். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் அதற்கு முன் அவ்வளவு குறைந்த எண் வந்ததில்லை. உணவுப் பொருள்களை மட்டும் பார்த்தால், முந்திய ஆண்டு அக்டோபரைவிட 5 சதவீதம் மலிந்திருந்தன. சம்பளம் வாங்கும் நகரவாசிக்கு இது நல்ல செய்திதான். அதே மாதத்தில் சம்பா நடவுக்கு ஆள் தேடி அலைந்த விவசாயியிடம் "விலைவாசி ஏறவேயில்லை" என்று சொன்னால், அவர் சொன்னவரை ஏற இறங்கப் பார்ப்பார்.

அரசாங்கம் பொய்க் கணக்குக் காட்டுகிறது என்று டீக்கடையில் பேசிக்கொள்வதுண்டு. அது சரியல்ல. புள்ளி பொய்யாகத் தயாரிக்கப்படுவதில்லை. ஆனால் அது யாருடைய செலவுக்குப் புள்ளி என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், எல்லோருக்கும் அதுவே அளவுகோல் என்று வைத்துக்கொள்வதில்தான் கோளாறு இருக்கிறது.

இந்தப் புள்ளி எப்படி எடுக்கப்படுகிறது என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம். முதலில், ஒரு சராசரிக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு பட்டியல் தயாரிக்கிறார்கள். 2012 வரிசைக்கான பட்டியல் 2011-12-ல் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அதன்படி கிராமத்துக் குடும்பம் 100 ரூபாய் செலவிட்டால் உணவுக்கும் பானங்களுக்கும் 54 ரூபாய், எரிபொருளுக்கும் விளக்குக்கும் 8 ரூபாய், மருத்துவத்துக்கு 7 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, கல்விக்கு மூன்றரை ரூபாய் என்று எடை போடப்பட்டது. பிறகு நாடு முழுவதும் 1,181 கிராமங்களிலும் 1,114 நகரச் சந்தைகளிலும் அந்தப் பண்டங்களின் விலையை மாதந்தோறும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எடையையும் விலையையும் பெருக்கிக் கூட்டினால் புள்ளி கிடைத்துவிடும். 2026 பிப்ரவரியில் 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வந்திருக்கிறது. அதில் உணவின் எடை குறைந்துள்ளது. பண்டங்களும் சந்தைகளும் கூடியுள்ளன. யாரும் வாங்காத டேப் ரிக்கார்டரும் வி.சி.ஆரும் ஒருவழியாகப் பட்டியலை விட்டுப் போயின. முறை மட்டும் அதேதான்.

சதவீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணவீக்கம் 5-லிருந்து 2-க்கு இறங்கியது என்றால் விலை இறங்கிவிட்டது என்று பொருள் அல்ல. ஏறுகிற வேகம் குறைந்தது என்றுதான் பொருள். 2012-ல் 100 ஆக இருந்த புள்ளி 2025 அக்டோபரில் 197-ஐத் தொட்டுவிட்டது. அதாவது அன்று 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் பதின்மூன்று ஆண்டில் சற்றேறக்குறைய இரட்டிப்பு விலைக்கு வந்திருக்கிறது. "கால் சதவீதம்" என்ற செய்தி அந்த ஏற்றத்தை அழித்துவிடுவதில்லை.

பட்டியலில் இல்லாதவை

இந்தப் பட்டியல் வீட்டுக்குள் உண்பதையும் உடுப்பதையும் கணக்கிடுவது. வயலில் போடும் பணம் இதில் சேராது. உழவுக் கூலி, விதை, உரம், பூச்சிமருந்து, நடவு ஆள் கூலி, அறுவடை மிஷின் வாடகை, குத்தகை ஆகிய எதற்கும் இதில் இடமில்லை. மோட்டார் காயில் கருகிப் போனால் திரும்பக் கட்டும் செலவும், போர் இறக்கும் செலவும் கிடையாது. வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டியும் கிடையாது. ஊர் விசேஷங்களுக்கு வைக்கும் மொய் கூட இதில் வராது.

புள்ளியியல் அறிஞர்கள் இதற்குச் சொல்லும் காரணம் நியாயமானதே. வயல் செலவு தொழில் செலவு. அது நுகர்வு அல்ல. மில் முதலாளி பஞ்சு வாங்குவதை அவர் வீட்டுச் செலவில் யாரும் சேர்ப்பதில்லை அல்லவா? ஆனால் மில் முதலாளிக்குத் தொழில் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு. இரண்டு ஏக்கர் விவசாயிக்கு இரண்டும் ஒரே மடிப் பணம். டி.ஏ.பி. மூட்டை விலை ஏறினால் அந்த வாரம் மளிகைச் சாமான் குறைகிறது. பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டியிருந்தால் மேலுரம் ஒரு தவணை தள்ளிப் போகிறது. சிறு விவசாயிக்கு வாழ்க்கைச் செலவு என்பது இரண்டும் சேர்ந்ததுதான்.

டீசலை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும். 2012 வரிசையில், வீட்டு வண்டிக்கு ஊற்றும் டீசலின் எடை 100-ல் 0.15 மட்டுமே. கால் ரூபாய் கூட இல்லை. ஏனெனில் சராசரிக் குடும்பம் டீசல் வாங்குவதில்லை. 2012-ன் நடுவில் சென்னையில் லிட்டர் 44 ரூபாய் அளவில் இருந்த டீசல், 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைக்கப்பட்ட பிறகும் 92 ரூபாயைத் தாண்டி நின்றது. அந்த ஏற்றம் டிராக்டர் உழவுக் கூலியிலும், அறுவடை மிஷின் வாடகையிலும், மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப்போகும் மினி லாரி வாடகையிலும் விவசாயியின் தலையில் ஏறுகிறது. லாரி வாடகை கடைசியில் காய்கறி விலையாகப் புள்ளியில் எட்டிப் பார்க்கலாம். உழவுக் கூலி எட்டிப் பார்ப்பதே இல்லை. நெல்லின் விலையை விதைத்தவர் நிர்ணயிப்பதில்லை என்பதே காரணம்.

உர விலையும் ஒரே சீராக இல்லை. யூரியா விலை மானியத்தால் பல ஆண்டுகளாக அநேகமாக அப்படியே இருக்கிறது. 45 கிலோ மூட்டை ரூ.266.50. பொட்டாஷ் அப்படியல்ல. 2021-ன் தொடக்கத்தில் 50 கிலோ மூட்டை ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது, 2022-ல் ரூ.1,700-ஐ எட்டிவிட்டது. விவசாயிகள் பொட்டாஷைக் குறைத்து யூரியாவைக் கூட்டிப் போடுவதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. விலை அவர்களை அப்படித் தள்ளுகிறது. மண்ணுக்கு அதனால் நேரும் கெடுதலும் ஒரு செலவுதான், ஆனால் அதை எந்தப் புள்ளியிலும் காண முடியாது.

வீட்டுச் செலவிலும் சராசரி என்பது ஏமாற்றக்கூடியது. கல்விக்கு மூன்றரை ரூபாய் என்ற எடை, அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் பிள்ளையே இல்லாத வீடுகளையும் சேர்த்து எடுத்த சராசரி. ஒரு பிள்ளையை இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு வேனில் அனுப்பும் குடும்பத்துக்கு அது பொருந்தாது. மருத்துவமும் அப்படியே. பத்து வீட்டில் ஒரு வீட்டுக்கு ஆபரேஷன் செலவு வந்தால் சராசரியில் சிறு தொகைதான் தெரியும். செலவு வந்த வீட்டுக்கோ நிலம் அடமானம் போகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். பம்புசெட்டுக்கு மின்சாரமும் இலவசம். சொந்த நெல்லை அரைத்துச் சாப்பிடும் வீட்டுக்குக் கடை அரிசி விலை ஏறினால் நேரடியாக நஷ்டமில்லை. "எல்லாம் நான்கு மடங்காகிவிட்டது" என்று பேசுகிறவர்கள் ஏறியதை நினைவில் வைத்துக்கொண்டு ஏறாததை மறந்துவிடுகிறார்கள். வாய்க்கணக்கு அரசுக் கணக்கைவிட நம்பகமானதல்ல.

மலிவு யாருக்கு?

2025 அக்டோபரில் உணவு விலை 5 சதவீதம் இறங்கியது என்றால், அந்த உணவை விற்றவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். நகரத்துக் குடும்பத்துக்குச் செலவு குறைவது, உற்பத்தி செய்தவருக்கு வரவு குறைவதாக முடிகிறது. விவசாயி இந்தத் தராசின் இரண்டு தட்டிலும் நிற்கிறவர். புள்ளி ஒரு தட்டை மட்டும் பார்க்கிறது.

பார்ப்பதோடு நின்றால் கூடப் பரவாயில்லை. 2016 முதல் ரிசர்வ் வங்கிக்குச் சில்லரைப் பணவீக்கத்தை 4 சதவீதத்தில், இரண்டு புள்ளி கூடுதல் குறைவுக்குள், நிறுத்த வேண்டும் என்று சட்டப்படி இலக்கு வைக்கப்பட்டது. வங்கி வட்டியைக் கூட்டிக் குறைக்கலாம். தக்காளியை விளைவிக்க முடியாது. ஆகவே புள்ளி ஏறியதும் உணவு விலையை அடக்கும் வேலை அரசுக்கு வந்து சேர்கிறது. 2023 ஜூலையில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சில ஊர்களில் 200-ஐயும் எட்டியது. 2012 வரிசையில் தக்காளியின் எடை 100-ல் 0.57-தான். ஆனாலும் விலை மும்மடங்கானால் மொத்தப் புள்ளியே ஏறத்தாழ ஒரு சதவீதம் ஏறிவிடும். அந்த மாதப் பணவீக்கம் 7.44 சதவீதம் என்று வந்தது. தமிழ்நாட்டில் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கப்பட்டது. அதே ஜூலையில் பச்சரிசி உள்ளிட்ட பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அது நீங்க 2024 செப்டம்பர் ஆயிற்று. ஆகஸ்டில் வெங்காயத்துக்கு 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பரில் தடை, 2024 மே வரை.

ஏழை எளியவருக்கு வெங்காயம் எட்டாத விலைக்குப் போகக்கூடாது என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் விலை ஏறும்போது புள்ளியைக் காட்டிக் கதவை அடைக்கிறவர்கள், விலை சரியும்போது எந்தப் புள்ளியைக் காட்டிக் கதவைத் திறக்கிறார்கள்? ஒட்டன்சத்திரத்திலும் கிருஷ்ணகிரி பக்கத்திலும் பறிப்புக் கூலிக்குக் கட்டாமல் தக்காளியைச் செடியிலேயே விட்ட ஆண்டுகள் உண்டு. அந்த மாதங்களில் புள்ளி மிக நன்றாகவே இருந்திருக்கும்.

யாருக்குப் படி, யாருக்கு இல்லை

அரசு ஊழியர்களுக்கு ஆலைத் தொழிலாளர் விலைவாசிப் புள்ளியை ஒட்டி ஆண்டுக்கு இரண்டு தடவை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. மத்திய அரசு ஊழியருக்கு 2019 ஜனவரியில் 12 சதவீதமாக இருந்த படி 2025 ஜூலையில் 58 சதவீதம் ஆயிற்று. அதாவது 100 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு 112 வாங்கியவர் 158 வாங்கினார். இதில் தவறு ஒன்றும் இல்லை. விலைவாசி ஏறினால் வருவாயும் ஏற வேண்டும் என்பது நியாயம்.

அதே 2019-ன் தொடக்கத்தில் பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 2025 முடியும் வரையிலும் அது 6,000-தான். இடையில் சில்லரை விலைவாசி ஏறத்தாழ 40 சதவீதம் ஏறிவிட்டது. ஆகவே அந்த 6,000 ரூபாய்க்கு 2019 விலையில் வாங்கும் சக்தி சுமார் 4,300 ரூபாய்தான். இது டீக்கடைக் கணக்கல்ல. அரசின் சொந்தப் புள்ளியைக் கொண்டே போட்ட கணக்கு.

கூலி வேலைக்கும் போகும் சிறு விவசாயிகளைப் பற்றிய சங்கதி இன்னும் வேடிக்கையானது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி, விவசாயத் தொழிலாளர் விலைவாசிப் புள்ளியைப் பார்த்து ஆண்டுதோறும் திருத்தப்பட்டு வந்தது. அந்தப் புள்ளியின் அடிப்படை 1986-87. அதன் எடைகள் 1983-ல் எடுத்த செலவுக் கணக்கிலிருந்து வந்தவை. உணவுக்கு மட்டும் 100-ல் 69. கிராமத்துக் கூலிக் குடும்பத்தில் செல்போன் ரீசார்ஜ், ஸ்கூல் வேன், தனியார் டாக்டர், மோட்டார் சைக்கிள் தவணை எதுவும் இல்லாத காலத்துப் பட்டியல் அது. அதை 2025-ன் நடுப்பகுதியில்தான் மாற்றி, 2019-ஐ அடிப்படையாக வைத்தார்கள். நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டு கூலியை நிர்ணயித்தது எந்த வகையில் நியாயம் என்று சட்டசபையிலோ பார்லிமெண்டிலோ உரக்கக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

நெல்லின் ஆதரவு விலையையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த விலை 2012-13-ல் குவிண்டால் ரூ.1,250. 2025-26-ல் ரூ.2,369. ஏற்றம் 89 சதவீதத்துக்குச் சற்று மேல். இதே காலத்தில் சில்லரை விலைவாசி 97 சதவீதம் ஏறியது. ஆக, நெல் விற்ற காசைக் கொண்டு வீட்டுச் சாமான் வாங்கும் சக்தி கூடவில்லை; சற்றுக் குறைந்தே இருக்கிறது. டீசல் இரட்டிப்புக்கு மேல் போனது தனி.

தேவையான புள்ளி இருக்கத்தான் இருக்கிறது

ஆதரவு விலையைப் பரிந்துரை செய்யும் ஆணையம், சாகுபடிச் செலவு விவரங்கள் கைக்கு வர மூன்று ஆண்டு வரை தாமதமாவதால், கூலி, உரம், டீசல் முதலியவற்றின் விலை மாற்றத்தைக் கொண்டு ஓர் இடுபொருள் விலைக் குறியீட்டைத் தயாரித்து, நடப்பு ஆண்டுச் செலவை மதிப்பிடுகிறது. மத்திய வேளாண் அமைச்சகத்தின் பொருளாதார, புள்ளியியல் இயக்ககம் விவசாயி விற்கும் பொருள்களின் விலைக்கு ஒரு புள்ளியும், அவர் வாங்குபவற்றின் விலைக்கு ஒரு புள்ளியும் கணக்கிட்டு வந்திருக்கிறது. வாங்குபவை என்பதில் வீட்டுச் சாமானும் உண்டு, இடுபொருளும் உண்டு, பம்புசெட்டு போன்ற முதலீட்டுச் சாமானும் உண்டு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விவசாயியின் கை ஓங்குகிறதா, தாழ்கிறதா என்பது தெரிந்துவிடும். சிறு விவசாயியின் வாழ்க்கைச் செலவுக்கு உண்மையில் நெருங்கி வரும் அளவுகோல் இதுதான்.

ஆனால் இது ஆண்டுக்கு ஒரு தடவை, நாடு முழுமைக்கும் சேர்த்து, அறிக்கைகளின் பக்கங்களுக்குள் வருகிறது. ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி மாலையில் இதைச் சொல்வார் இல்லை. இதற்கு இலக்கு வைத்த சட்டமும் இல்லை. தஞ்சை நெல் விவசாயிக்கும் நாசிக் வெங்காய விவசாயிக்கும் ஒரே எண் போதாது என்பதும் தெளிவு. மாநில அளவில், முக்கியப் பயிர்வாரியாக, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது இதை வெளியிட வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விற்பனை விலை ஏற்கெனவே பதிவாகிறது. கூட்டுறவுச் சங்கங்களில் உர விலை இருக்கிறது. வட்டார வேளாண் அலுவலகத்துக்கு ஆள் கூலி தெரியும். விவரம் சேர்ப்பது பெரிய காரியமல்ல. ஏற்றுமதித் தடை போடும்போதும், ஆதரவு விலை நிர்ணயிக்கும்போதும், பயிர்க்கடன் அளவைத் திருத்தும்போதும் நுகர்வோர் புள்ளியோடு இந்தப் புள்ளியையும் மேஜைமேல் வைக்க வேண்டும். விவசாயிகள் சங்கங்கள் கடன் தள்ளுபடியைக் கேட்கும் மும்முரத்தில் பாதியையாவது இதற்குச் செலவிடுவது நல்லது.

ஒரு நோட்டுப் புத்தகம்

அதுவரை விவசாயிகள் தங்கள் புள்ளியைத் தாங்களே போட்டுக்கொள்ள முடியும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். உதாரணத்துக்கு, இரண்டு ஏக்கரில் நெல் பயிரிட்டு, கறவை மாடும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சென்ற ஆண்டு வீட்டுச் செலவு ரூ.1,20,000, வயல் செலவு ரூ.80,000, ஆக மொத்தம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு வீட்டுச் சாமான் விலை 2 சதவீதமும் வயல் செலவு 10 சதவீதமும் ஏறியிருந்தால், கூடுதல் செலவு முறையே 2,400, 8,000. மொத்தம் 10,400 ரூபாய். அந்த வீட்டின் உண்மையான விலைவாசி ஏற்றம் 5.2 சதவீதம். பத்திரிகையில் வருவது 2 என்றால், இவருக்கு அது இரண்டரை மடங்கு.

வரவுப் பக்கம்: தமிழ்நாட்டில் ஊக்கத்தொகை சேர்த்துச் சாதாரண ரக நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் 2024-25-ல் குவிண்டால் ரூ.2,405, 2025-26-ல் ரூ.2,500. கூடுதல் 95 ரூபாய். ஏக்கருக்கு 22 குவிண்டால் என்று இரண்டு ஏக்கரில் 44 குவிண்டால் போட்டால் கூடுதல் வரவு 4,180 ரூபாய். மீதி 6,220 ரூபாயைப் பாலிலோ கூலியிலோ ஈடு கட்ட வேண்டும், இல்லையேல் கடன்.

நோட்டில் வயலுக்கு ஒரு பக்கமும் வீட்டுக்கு ஒரு பக்கமும் ஒதுக்க வேண்டும். வயல் பக்கத்தில் உழவு, விதை, உரம், மருந்து, ஆள் கூலி, மிஷின் வாடகை, குத்தகை, வட்டி என்று தலைப்புப் போட்டு, பணம் கொடுத்த தேதியும் தொகையும் எழுதினால் போதும். வீட்டு ஆள் உழைப்பைத் தனியே நாள் கணக்கில் குறிக்க வேண்டும். பெண்கள் களை எடுத்த நாளை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. உர மூட்டை ரசீது, மிஷின் வாடகைச் சீட்டு ஆகியவற்றை அதே நோட்டில் ஒட்டி வைக்கலாம். ஊரில் பத்துப் பேர் இரண்டு வருஷம் இப்படி எழுதினால் அந்த ஊரின் சாகுபடிச் செலவு கையில் வந்துவிடும். கிராம சபையிலும், பயிர்க்கடன் அளவை நிர்ணயிக்கும் மாவட்டக் கூட்டத்திலும் அதை வைத்துப் பேசலாம். இந்தப் பட்டத்துக்கு விதை வாங்கும் நாளிலேயே எழுதத் தொடங்குவது எளிது; இடையில் தொடங்கினால் பழைய செலவெல்லாம் ஞாபகத்தில் இருக்காது.